தட்டை எப்படி மடிப்பது?

1

போன வாரம் நாகப்பட்டினத்துக் கப்பலில் என் அண்ணன் வந்து இறங்கினார். துறைமுகத்துச் சுங்கக்காரர்கள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து, அதிரசத்தை முகர்ந்து, முறுக்கை ஒடித்து, நார்த்தங்காய் ஊறுகாயைக் கண்டு முகத்தைச் சுளித்து, கடைசியில் ஒரு முத்திரையைக் குத்தி வெளியே விட்டார்கள். வெயிலில் காத்து நின்ற எங்களிடம் வந்ததும் அண்ணன் முதலில் என்னைப் பார்க்கவில்லை. என் மகள் பவானியைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தனம், புள்ள இப்படி இளைச்சுக் கெடக்கு? போட்டோவுல கொழுகொழுன்னு இருந்தாளே. சோறு போடுறியா இல்லையா?"

அவ்வளவுதான். பல வருஷம் கழித்துப் பார்க்கிற தங்கையிடம் கேட்ட முதல் கேள்வி. என் கணவர் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். பவானி சிரித்தாள். எனக்கு மட்டும் காது சூடேறிப் போயிற்று.

அண்ணன் அடுத்த கப்பலில் ஊர் திரும்பிவிடுவார். திரும்பியதும் குளத்தங்கரையில் ஆரம்பித்துக் கடைத்தெரு முடிய, சிங்கப்பூரில் தனம் பெற்ற பிள்ளைக்கே வெறும் கஞ்சி ஊற்றுகிறாள் என்று சொல்லி முடிப்பார். அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடலாமென்றுதான் இதை எழுதுகிறேன். என் மகள் நோயால் இளைக்கவில்லை, பட்டினியாலும் இளைக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த ஒரு சீன அம்மாளால் இளைத்தாள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அதையும் மறைப்பதற்கில்லை.

2

நாங்கள் குடியிருப்பது தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே மாவு அரைக்கும் கடை. எங்கள் துணிமணியெல்லாம் மிளகாய்த்தூள் மணக்கும். மேலே பலகை அடித்துத் தடுத்த அறைகள். சமையற்கட்டு மட்டும் எல்லாருக்கும் பொது. ஆளுக்கொரு கரி அடுப்பு, ஆளுக்கொரு பலகை. யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது யாருக்கும் ரகசியமில்லை.

என் கணவர் துறைமுகக் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்க்கிறார். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர். நான் பவானியை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கிய அன்றைக்கே சொன்னார்: "எம் புள்ள வாயில பசின்னு ஒரு சொல்லு வரக்கூடாது, தனம்."

வரவிடவில்லை. காலையில் டின் பால் தாராளமாக ஊற்றிய தேநீர், அதன் பின்னால் இட்டலி. பள்ளிக்குப் புறப்படும் முன் சோறு. திரும்பி வந்ததும் வாழைக்காய் பஜ்ஜியோ சேமியா பாயசமோ. பிறகு இரவுச் சாப்பாடு. ஊரில் எங்கள் வீட்டில் நான் சின்னவளாக இருந்தபோது பாயசம் என்பது பண்டிகைக்கு வருகிற விருந்தாளி. இங்கே அதை வீட்டு மனுஷியாக்கிவிட்டேன். அதில் எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது!

ஒவ்வொரு பொங்கலுக்கும் சிராங்கூன் சாலையிலுள்ள ஒரு ஸ்டூடியோவில் பவானியை நிற்க வைத்துப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவேன். "மகாலட்சுமி மாதிரி இருக்கா" என்று அண்ணி பதில் எழுதுவாள். அண்ணியின் பெண் ஒரு குச்சி. அண்ணிக்குப் பொறாமை என்று எனக்குத் தெரியும். அதற்காகவே அந்தக் கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். பள்ளிச் சீருடையின் தையலை வருஷத்துக்கு வருஷம் பிரித்து விடும்போதும் எனக்கு அதே பெருமைதான். பிள்ளை வளர்கிறது என்று நினைத்தேன். அகலத்தில் வளர்வதும் வளர்ச்சிதானே என்று இருந்துவிட்டேன்.

பவானிக்குப் பதினான்கு வயதானபோது ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து பையை மூலையில் எறிந்தாள்.

"நெட்பால் டீம்ல என்னை எடுக்க மாட்டாங்களாம்மா. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. கிளாஸ்ல எல்லாரும் கெமோக், கெமோக்னு கூப்பிடறாங்க."

கெமோக் என்றால் மலாயில் குண்டு. நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பிறகு, அழுத பிள்ளையாயிற்றே என்று கொஞ்சம் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

3

அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்களே ஒரு சீட்டு எழுதி மருத்துவச் சாலைக்கு அனுப்பினார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் சன்னல். சீட்டைக் கொடுக்க ஒரு சன்னல், கொடுத்த சீட்டுக்கு அட்டை வாங்க ஒரு சன்னல், வாங்கிய அட்டையைக் காட்டிவிட்டு உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ கூப்பிடுவார்கள். நம் பெயரைத்தான் கூப்பிட்டார்கள் என்பது அடுத்த ஆள் உள்ளே போன பிறகுதான் தெரியும்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ்ஸி, அதாவது தாதி, அதை மலாயில் என்னிடம் கேட்டாள். நான் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசுகிற மலாயில் பதில் சொன்னேன். பவானிக்கு மூன்றும் தெரியும், ஆனால் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறாள் என்பது கேள்வி. நான் நல்ல தாயா என்று சோதிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். வேறென்ன எண்ணுவது? விடியற்காலையில் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். நெய்யை அழுத்திச் சொன்னேன். அன்றைக்குச் செய்யாத பாயசத்தையும், அந்த வாரமே செய்யாத கோழிக் குழம்பையும் சேர்த்துச் சொன்னேன். மிஸ்ஸி மொழிபெயர்த்துக்கொண்டே போக, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலைத்துப் போய்விட்டார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். வளர்கிற பிள்ளை, பட்டினி போடக்கூடாது. எடை குறைய வேண்டுமென்றுகூட அவசரமில்லை. மேலே ஏறாமல் நின்றால் போதும், உயரம் கூடக்கூடத் தானே சரியாகிவிடும். இனிப்பும் டின் பாலும் குறையட்டும். தினமும் நடக்கட்டும், விளையாடட்டும். பசித்தால் சாப்பிடட்டும், போதும் என்றால் விட்டுவிடுங்கள்.

எல்லாம் காதில் விழுந்தது, அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர. அது என் காதில் நுழையாததற்குக் காரணம் இருக்கிறது. நம் வழக்கத்தில் போதும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போதும் என்றால் ஒரு கரண்டி. போதும் போதும் என்றால் அரைக் கரண்டி. எழுந்துவிடப் போகிறேன் என்றால்தான் நிறுத்த யோசிப்போம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா போதும் என்றதும், பரிமாறப் பழகாத என் அத்தை பெண் அதை நம்பி நகர்ந்துவிட்டாள். மனிதர் அரை வயிற்றோடு எழுந்துபோய், கருமி வீட்டில் சம்பந்தம் செய்துவிட்டோம் என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவளிடம் போய் டாக்டர் இதைச் சொன்னால்?

4

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. கொள்ளு உடம்பைக் கரைக்கும் என்று கொள்ளு ரசம் வைத்தேன். வெந்நீரில் தேன் கலந்து கொடுத்தேன். சுரைக்காய்க் கூட்டு செய்தேன். ஆனால் இவையெல்லாம் வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாகத்தான் போயின. மருந்துக்காகச் சோற்றைக் குறைப்பது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு மாதத்தில் பவானி இன்னும் கொஞ்சம் பூரித்தாள்.

பள்ளியில்லாத ஒரு மத்தியானம் தட்டில் சோற்றைக் கொட்டிய என் கையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் வீம்பாகக் கூப்பிடாமல் இருந்தேன். அப்போதுதான் பக்கத்து அறை ஆசோ தன் கிண்ணத்தோடு அந்தப் படிக்கட்டுக்குப் போனாள்.

ஆசோ என்பது பெயரில்லை. நாம் அண்ணி என்கிற மாதிரி ஒரு முறை. கான்டனீஸ்காரி. புருஷன் இல்லை. மகன் சரக்குக் கப்பலில் போய்விட்டு எப்போதாவது வருவான். வீட்டில் தையல் மெஷின் வைத்து உள்பாவாடையும் தலையணை உறையும் தைப்பாள். குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவள், மாட்டிறைச்சியைத் தொடமாட்டாள், அதனால் எனக்கு அவளிடம் ஒரு மதிப்பு இருந்தது. சமையற்கட்டில் பார்த்தால் "சூடா மாக்கான்?" என்பாள், சாப்பிட்டாயா என்று. நானும் "சூடா" என்பேன். அவ்வளவுதான் எங்கள் உறவு. அவள் சமையலைப் பார்த்து எனக்குப் பரிதாபம்கூட உண்டு. தண்ணீரில் கீரையைப் போட்டு எடுப்பாள். மீனை ஆவியில் வைப்பாள். புளி இல்லை, மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு அவள் பவானியிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம். பவானி அதை எடுத்துச் சாப்பிட்டதை நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.

மறுநாளிலிருந்து பழக்கமாகிவிட்டது. பவானிக்கு மத்தியானப் பள்ளி. காலை நேரம் காலியாக இருக்கும். ஆசோ கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் இவளும் கிளம்புவாள். நேரே வீட்டுக்கு வராமல் ஃபேரர் பார்க் திடலைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். முதலில் இவள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாளாம், ஆசோவும் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாளாம். பிறகு பிறகு உட்காரவில்லை. என்னோடு கோயிலுக்கு வரும்போது மூன்று சக்கர ட்ரிஷா வண்டி பிடிக்கச் சொல்கிற பெண்தான் இவள்.

5

பொறாமை எப்போது ஆரம்பித்தது என்று சொல்கிறேன். எங்கள் பலகைத் தடுப்பு மெல்லியது. ஆசோவின் அறையில் ஊசி டப்பா விழுந்தால் என் அறையில் கேட்கும். ஒரு சாயங்காலம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மகளின் குரல் கேட்டது.

"ஆசோ, லாகி சிக்கிட்."

இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். முறம் என் மடியில் சாய்ந்து அரிசியெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. என் மகள் சோறு கேட்கிறாள். வேறொருத்தியிடம் கேட்கிறாள். பால் மறந்த நாளிலிருந்து என்னிடம் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, அவள் வாயைத் திறப்பதற்குள் நான் போட்டிருப்பேன். ஆனாலும் கேட்டதில்லை. அந்தக் குரலில் ஒரு செல்லம் இருந்தது. எனக்கு வரவேண்டிய செல்லம் என்று தோன்றிற்று.

அதற்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். இருவரும் சேர்ந்து பீன்ஸ் ஆய்ந்தால் எரிச்சல். பவானி அவளோடு சீனத்தில் பேச ஆரம்பித்தாள். பேசிவிட்டு இருவரும் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். "என்னடி சொன்னா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல லா, மீன் விலையைச் சொன்னாங்க" என்பாள். மீன் விலையில் சிரிக்க என்ன இருக்கிறது?

பவானியின் சீருடை தொளதொளவென்று ஆனபோது ஆசோ அதைத் தன் மெஷினில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அழகான தையல்தான். இவள் ஆசோவோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது நான் அதை முழுக்கப் பிரித்துவிட்டு என் கையால் தைத்துவைத்தேன். கோணல்மாணலாக வந்தது. பவானி அதை ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அங்க மட்டும் கேட்டுக் கேட்டுத் திங்கிற. இங்க போட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிற. அவ என்ன சொக்குப்பொடி போட்டா?"

"உங்க வீட்டுல நிறுத்த முடியாதும்மா" என்றாள். "ஆசோ வீட்டுல அது என் கையில இருக்கு."

உங்க வீடு என்றாள். நம் வீடு என்று சொல்லவில்லை. மிச்சம் சொன்னதை நான் கேட்கவேயில்லை. அன்று முழுக்க அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு புலம்பினேன். கணவர் செய்தித்தாளை மடித்துவிட்டுச் சொன்னார்: "தனம், மூச்சு வாங்காம மாடி ஏறி வந்தா இன்னிக்கு. அதப் பாத்தியா நீ?" பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் என்னால் வரவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

6

கொஞ்ச நாளில் ஆசோவின் மகன் பதிவு செய்து வைத்திருந்த அரசாங்க வீடு தோ பாயோவில் கிடைத்துவிட்டது. புதுக் கட்டடம், தனிச் சமையற்கட்டு, திறந்தால் தண்ணீர் வருகிற குழாய். செய்தி கேட்ட அன்றே நான் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டேன். எதற்கு என்று கணவர் கேட்டார். ஆசோவின் நல்லதுக்கு என்று சொன்னேன். பிள்ளையாருக்குத் தெரியும்.

போகிறவளுக்கு ஒரு விருந்து வைக்காமல் அனுப்பக்கூடாது என்று நானே ஆரம்பித்தேன். மரியாதைக்கு என்று வெளியே சொன்னாலும் உள்ளே வேறு கணக்கு. சாப்பாடு என்றால் என்னவென்று அவளுக்கு ஒரு தரம் காட்ட வேண்டும். பவானியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தேக்காவில் தேடி நல்ல தலைவாழை இலை வாங்கினேன். சாம்பார், வத்தக் குழம்பு, ரசம், இரண்டு பொரியல், கூட்டு, அப்பளம், வடை, பாயசம். ஆவியில் வேகவைத்த பொருள் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆசோ பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். பவானி பக்கத்தில் உட்கார்ந்து கையால் பிசையச் சொல்லிக் கொடுத்தாள். சீனர்கள் கிண்ணத்தில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார்கள். ஆசோ இலையையும் அப்படியே துடைத்துவிட்டாள். காலி இலையைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? போட்டேன். அதையும் துடைத்தாள். போட்டேன். "சுக்குப், சுக்குப்" என்றாள். போதும் என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். மார்க்கெட்டில் காய் நிறுக்கும்போது நானே சொல்வது. ஆனாலும் பந்தியில் அந்தச் சொல் எந்தப் பாஷையில் வந்தாலும் எனக்கு ஒரே அர்த்தம்தான். வடை வைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதையும் தின்றாள். மறுபடி சோறு போட்டேன்.

அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பிசைகிற கை மெதுவாயிற்று. கழுத்துப் பட்டனை ஒரு விரலால் தளர்த்தினாள். கண்ணில் ஒரு திகில். அந்தத் திகிலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நான் கரண்டியோடு நின்றேன்.

அப்போது பவானி எட்டி, ஆசோவின் இலையின் மேல்பாதியைப் பிடித்து, மீந்த சோற்றின் மேல் கீழ்ப்பக்கமாக மடித்துவைத்தாள். சீனத்தில் ஏதோ சொன்னாள். இந்தத் தரம் எனக்கு அர்த்தம் கேட்கத் தேவையிருக்கவில்லை. மடித்த இலையில் நான் எப்படிப் போடுவேன்? கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆசோ இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு நீளமான மூச்சை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். பவானி சிரிக்கவில்லை.

ஆசோ போன பிறகு பாத்திரம் துலக்கும்போது பவானி கேட்டாள். "இலைய மடிச்சிடலாம். தட்டை எப்படிம்மா மடிக்கிறது?"

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். "விசேஷத்துல இலை போட்டா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா? மடிச்சா முடிஞ்சுது. மத்த நாளெல்லாம் எவர்சில்வர் தட்டு. காலி பண்ணினா நீ போடுவ. மிச்சம் வெச்சா சோத்தை வீணாக்குறேன்னு அப்பா திட்டுவாங்க. போதும்னா நீ காதுலயே போட்டுக்க மாட்ட. நான் என்னதான் பண்றது?"

கையில் புளியும் சாம்பலுமாய் அவள் பக்கம் திரும்பினேன். அப்போதும் எனக்கு முதலில் வந்த கேள்வி என்ன தெரியுமா? "இதை ஆசோகிட்ட சொன்னியா?"

"இல்லையே" என்றாள். "அங்க சொல்ல வேண்டிய அவசியமே வரலையே."

7

ஆசோ தோ பாயோ போய்ச் சேர்ந்தாள். நான் சோற்றுப் பானையைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, கரண்டியின் காம்பை பவானி பக்கம் திருப்பி வைக்க ஆரம்பித்தேன். வேண்டியதை அவளே போட்டுக்கொள்வாள். முடிந்ததும் எழுந்துகொள்வாள். தட்டு காலியாகும் நேரத்தில் என் கை தானாக எழும்பும்; அதைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். சொன்னால் சிரிப்பீர்கள், உங்கள் பிள்ளையின் தட்டு உங்கள் கண்ணெதிரே காலியாக இருக்கும்போது சும்மா இருந்து பாருங்கள்.

டின் பாலைக் குறைத்தேன். பாயசம் மறுபடி பண்டிகைக்கு வருகிற விருந்தாளியாயிற்று. பவானி உயரமானாள். நெட்பாலில் பந்தை மறிக்கிற இடத்தில் நிற்கிறாள். அவள் உயரத்துக்கு அதுதான் சரியான இடமாம். மருத்துவச் சாலையில் அட்டையைப் பார்த்துவிட்டு, எடை சரியாக இருக்கிறது, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே மிஸ்ஸி ஆச்சரியப்பட்டு, யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டாள். "சாயா" என்றேன், நான்தான் என்று. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பவானி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து தோ பாயோ போய்விடுகிறாள். திரும்பி வந்து ஆசோ வீட்டுக் குழாயைப் பற்றியும், ஆசோ வைத்த சூப்பைப் பற்றியும், அதில் எவ்வளவு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்பதைப் பற்றியும் சொல்வாள். என்னிடம் அவள் கேட்பதில்லை. போட்டுக்கொள்கிறாள், சாப்பிடுகிறாள், எழுந்துவிடுகிறாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கணவர் கேட்கிறார். எனக்கு வேண்டும். அந்த லாகி சிக்கிட் எனக்கு வேண்டும்.

இனி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வந்த நாளிலிருந்து அவர் பவானியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் கரண்டியைத் தானே எடுத்துவிட்டார்.

"மாமன் கையால ரெண்டு கரண்டி வாங்கிக்க."

"போதும் மாமா" என்றாள் பவானி.

அண்ணன் சிரித்தார். "போதும்னா போடுன்னு அர்த்தம். நம்ம வீட்டுப் புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்று பானைக்குள் கரண்டியை விட்டார். பவானி என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு ஆசோவின் முகத்தில் பார்த்த அதே திகில்.

நான் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தேன். பிறந்ததிலிருந்து அவர் கையை நான் தடுத்ததில்லை.

"அவ போதும்னா போதும்ணே."

"என்ன தனம், இதென்ன சிங்கப்பூர்ப் பழக்கமா?"

"இல்லண்ணே. எம் பொண்ணு பழக்கம்."

அண்ணன் கரண்டியை வைத்துவிட்டார். முகம் தொங்கிப் போயிற்று. என் கணவர் அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருந்தார். ஊருக்குப் போய் அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொல்லட்டும்.

பவானி மீதிச் சோற்றை அவசரமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். தட்டு காலியாயிற்று. நான் வழக்கம்போல் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. தட்டை என் பக்கமாக நகர்த்தினாள்.

"அம்மா, ரசம். இன்னும் கொஞ்சம்."

கையை வெளியே எடுத்தேன். மரத்துப் போயிருந்தது. எவ்வளவு ஊற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அது எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. கரண்டியை மெல்லச் சாய்த்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன்.

"போதும்மா" என்றாள்.

நிறுத்தினேன்.